டீப் கிளீனிங்கோட சேத்து ஈறுக்குள்ள ஆன்டிபயாட்டிக்: வைக்கலாமா வேணாமா?

கேள்வி (நியூஜெர்சி வாசகி), 9 பிப்ரவரி 2024, காலை 6.12

வயசு 41. பல்லு தேய்க்கும்போது ரத்தம் வர்றது ரெண்டு வருஷமா இருக்கு, நான்தான் கண்டுக்கல. இங்க கிளினிக்ல ஈறுக்குள்ள கம்பி மாதிரி ஒண்ண விட்டு அளந்து 5, 6, 5ன்னு ஏலம் போடற மாதிரி நம்பர் சொன்னாங்க. நாலு பக்கமும் டீப் கிளீனிங் (ஈறுக்கு அடியில வேர் வரைக்கும் சுரண்டறது) பண்ணணுமாம், அதோட 11 இடத்துல அரெஸ்டின்னு ஒரு ஆன்டிபயாட்டிக் பொடி வைக்கணுமாம். கிளீனிங்க்கு இன்சூரன்ஸ் தருது, பொடிக்கு தராது, பல்லுக்குப் பல் தனி பில். ஊர்லேர்ந்து அம்மா போன்ல "சுத்தம் பண்ணாத, பல்லு ஆடிப்போயிடும்"ங்கறாங்க. யாராச்சும் வச்சிருக்கீங்களா? நிஜமா வேலை செய்யுதா, இல்ல காசப் புடுங்கறாங்களா?

பல்லவன்77, 9 பிப்ரவரி 2024, காலை 9.40

வச்சிருக்கேன். பேர்ல பல்ல வச்சிருக்கற எனக்கு வாயில பல்லு நிக்கல, அதான் கதை. திருச்சில போன வருஷம் செப்டம்பர்ல ஈறு ஸ்பெஷலிஸ்ட் டாக்டரம்மாகிட்ட காட்டினேன். இடது பக்கம் மட்டும் மூணு பல்லு, கார்டுல இப்படி எழுதிருக்காங்க: 26ம் நம்பர் பல்லுல ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற பை 7 மி.மீ. ஆழம், 36ல 6, 37ல 6. மரத்துப்போற ஊசி போட்டு வேர் வரைக்கும் சுரண்டி எடுத்துட்டு, அந்த மூணு இடத்துலயும் ஆன்டிபயாட்டிக் சிப் வச்சாங்க. ரெண்டு மாசம் கழிச்சு அளந்தா 4, 4, 4. ரத்தம் நின்னுபோச்சு, வாய் நாத்தமும் போச்சு (வீட்டுக்காரம்மா சர்டிபிகேட் குடுத்தாச்சு). கண்ண மூடிக்கிட்டு வைங்க.

பல்லவன்77, 9 பிப்ரவரி 2024, மதியம் 1.15

அம்மா சொல்றதுக்கு பதில் சொல்ல மறந்துட்டேன். எங்க அத்தையும் அதையேதான் சொன்னாங்க. சுத்தம் பண்ணினதால ஆடறதில்ல, ஏற்கனவே ஆடிக்கிட்டிருந்தது தெரிய ஆரம்பிக்குது. பழைய சுவத்துல செங்கல் எல்லாம் கழண்டு போயி, மேல பூசின சிமெண்டு மட்டும் புடிச்சுக்கிட்டு நிக்குமே, அந்தக் கதைதான். பல்லுல படிஞ்ச காரை நாலு பல்லையும் சேத்து ஒட்டி வச்சிருக்கும், அத எடுத்ததும் பல்லு தனியா நிக்கும். வீங்கின ஈறும் வத்தி கீழ இறங்கும், அப்ப பல்லு நடுவுல சந்து தெரியும், ஜில்லுனு தண்ணி பட்டா சுர்ருங்கும். எனக்கு முதல் வாரம் நாக்கு அந்த சந்துக்குள்ளயே போயி போயி நோண்டிக்கிட்டிருந்துச்சு, பயந்துட்டேன். பயப்பட ஒண்ணுமில்ல. காரையோட அடியில எலும்பு கரைஞ்சுக்கிட்டே இருக்கும்ங்கறதுதான் பயப்படவேண்டிய விஷயம், அது வலிக்கவும் வலிக்காது.

பல்லவன்77, 10 பிப்ரவரி 2024, இரவு 10.50

திருத்தம். நேத்து காலைல நான் "ஆன்டிபயாட்டிக் சிப்"னு போட்டதுக்கு இங்க ஒரு பல் டாக்டர் வந்து குட்டு வச்சுட்டாரு, சரியாத்தான் வச்சாரு. சிப்ங்கறது குளோர்ஹெக்சிடின், அதாவது கிருமிநாசினி, ஆன்டிபயாட்டிக் இல்ல. ஒரு சிப்ல 2.5 மில்லிகிராம், நகத்துண்டு மாதிரி இருக்கும். பில்ல தேடி எடுத்துப் பாத்தேன். எனக்கு வச்சது டெட்ராசைக்ளின்ங்கற ஆன்டிபயாட்டிக் நார். பஞ்சு மாதிரி கொலாஜென் நாரு, அதுல மருந்து ஊறியிருக்கும், தானா கரைஞ்சுடும். பெரியோடான்டல் பிளஸ் ஏபின்னு பேரு, சென்னைல தயாரிக்கறது.

அப்படியே தேடினதுல தெரிஞ்சது: இந்த நார் ஐடியாவே பழசு. பாஸ்டன் ஃபோர்சித் இன்ஸ்டிட்யூட்ல குட்சன்னு ஒருத்தர் 1979லயே டெட்ராசைக்ளின நாருக்குள்ள அடைச்சு ஈறுக்குள்ள விட்டுப் பாத்திருக்காரு. அதுலேர்ந்து வந்ததுதான் ஆக்டிசைட், 1994ல அமெரிக்கால அனுமதி கிடைச்சுது. 23 சென்டிமீட்டர் நூலு, அதுல 12.7 மில்லிகிராம் மருந்து. அது கரையாது, பல்லச் சுத்தி சுத்தி திணிச்சு மேல பசை போட்டு ஒட்டி, பத்து நாள் கழிச்சு திரும்பப் போயி உருவணும். யாரு பண்ணுவா இத? அதுக்கப்புறம்தான் தானா கரையற சரக்கெல்லாம் வந்துச்சு: 1998ல டாக்ஸிசைக்ளின் ஜெல், அதே வருஷம் சிப்பு, 2001ல உங்க அரெஸ்டின். அரெஸ்டின்ல ஒரு குப்பிக்கு 1 மில்லிகிராம் மினோசைக்ளின், பொடியா உள்ள போயி ஈரம் பட்டதும் ஒட்டிக்கும்.

ஆக நான் வச்சதும் உங்களுக்குச் சொன்னதும் வேற வேற மருந்து, ஆனா ஒரே குடும்பம்.

பல்லவன்77, 11 பிப்ரவரி 2024, காலை 7.05

"மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற மெட்ரோனிடசோல் ஜெல் ட்யூப வாங்கி ஈறுல தேச்சுக்கிட்டா போதாதா"ன்னு கேட்டவருக்கு: போதாது. நானும் ஒரு வருஷம் தேச்சேன், அதனாலதான் 7 மி.மீ. வரைக்கும் போச்சு. மேல தடவறது எச்சில்ல கரைஞ்சு வயித்துக்குப் போயிடும். பிரச்சனை இருக்கறது கீழ, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற பைக்குள்ள. அப்படியே உள்ள போனாலும் நிக்காது. ஈறுலேர்ந்து அந்தப் பைக்குள்ள ஒரு நீர் ஊறிக்கிட்டே இருக்கும், ஆழமான பைல மணிக்கு 40 தடவ அந்த நீர் முழுசா மாறிடுதுன்னு கணக்கு போட்டிருக்காங்க. ஊத்துக் கிணத்துல உப்பக் கரைச்ச மாதிரி. அதனாலதான் மெதுவா மெதுவா மருந்து விடற நாரு, சிப்பு, பொடின்னு இத்தன பாடு படறாங்க.

இன்னொண்ணு, காரைமேல கிருமி சும்மா உக்காந்திருக்கல, பாசி மாதிரி படலம் கட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. மருந்து அந்தப் படலத்துக்குள்ள இறங்காது. சுரண்டி உடைச்சாத்தான் மருந்துக்கு வழி. சுத்தம் பண்ணாம மருந்து மட்டும் வைக்கறேன்னு எவனாச்சும் சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

மச்சான் ஒருத்தர் ஈறு வீங்கும்போதெல்லாம் அமாக்ஸிசிலின் மூணு மாத்திரை போடுவாரு, மூணாவது நாள் வீக்கம் வத்தும், நாலாவது மாசம் திரும்ப வரும். இப்ப முன்பல்லு ரெண்டு இல்ல.

பல்லவன்77, 11 பிப்ரவரி 2024, மதியம் 2.30

"இந்த நாரு, சிப்பெல்லாம் அசைவமா"ன்னு சைவக்காரர் கேட்ட கேள்விக்கு சிரிச்சுட்டேன் ஆனா நியாயமான கேள்விதான். அமெரிக்கா சிப்பு ஜெலட்டின்ல பண்றது. நம்ம ஊர்ல கிடைக்கற சிப் ஒண்ணு மீன் கொலாஜென்ல பண்றது. என் நாரும் கொலாஜென்தான், எதுலேர்ந்து எடுத்ததுன்னு நான் கேக்கவே இல்ல, டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க. எனக்கு வச்சது புரட்டாசி முதல் வாரம். வீட்ல முட்டை கூட உள்ள விடல, நான் கடவாய்ல எதையோ ஒண்ண வச்சுக்கிட்டு பெருமாள சேவிச்சிட்டு வந்திருக்கேன்.

பல்லவன்77, 13 பிப்ரவரி 2024, இரவு 11.20

இது கொஞ்சம் சங்கடமான நோட்.

கேள்வி கேட்ட அம்மணி நேத்து "இடது பக்கம் சரி, உங்க வலது பக்கம் என்ன ஆச்சு"ன்னு கேட்டாங்க. அதப்பத்தி நான் யோசிக்கவே இல்ல. வலது பக்கம் பத்து நாள் கழிச்சு பண்ணினது. அன்னிக்கு நாரு ஸ்டாக் இல்ல, வர ஒரு வாரமாகும்னாங்க, நானும் காசு மிச்சம்னு விட்டுட்டேன். வெறும் சுரண்டல் மட்டும்தான். இன்னிக்கு கார்ட எடுத்து உக்காந்து பாத்தேன்.

இடது (நாரோட): 26ல 7லேர்ந்து 4, 36ல 6லேர்ந்து 4, 37ல 6லேர்ந்து 4. கூட்டினா 19லேர்ந்து 12.

வலது (நாரு இல்லாம): 16ல 7லேர்ந்து 5, 46ல 6லேர்ந்து 4, 47ல 6லேர்ந்து 3. கூட்டினா 19லேர்ந்து 12.

மூணு தடவ கூட்டிப் பாத்துட்டேன். ஒண்ணுதான்.

அஞ்சு மாசமா பாக்கறவங்ககிட்டயெல்லாம் அந்த நாரப்பத்தி பேசிக்கிட்டிருந்தேன். ஆபீஸ்ல ரெண்டு பேர அனுப்பியும் வச்சிருக்கேன். வலது பக்கம் பேசாம தன்பாட்டுக்கு ஆறியிருக்கு, காசு குடுத்த பக்கத்த மட்டும்தான் நான் கண்ணாடில பாத்துக்கிட்டிருந்திருக்கேன்.

பல்லவன்77, 14 பிப்ரவரி 2024, காலை 6.30

தூக்கம் வரல. உடனே "நாரு வேஸ்ட்"னு எழுதறதுக்கு முன்னாடி சில விஷயம் ஒத்துக்கணும்.

ஒண்ணு, 37ல வச்ச நாரு ஒரு வாரம் இருக்கவே இல்ல. மூணாவது நாள் மறந்துபோயி ஃபிளாஸ் விட்டேன், வெள்ளையா நூல் பிசிறு மாதிரி வந்துச்சு, கீரைன்னு நெனச்சு துப்பிட்டேன். டாக்டரம்மாகிட்ட சொல்லல, திட்டுவாங்கன்னு. (அரெஸ்டினுக்கும் 12 மணி நேரம் பிரஷ் படக்கூடாது, 10 நாள் அந்த இடத்துல ஃபிளாஸ் கூடாதுன்னு சொல்லுவாங்க, எழுதி ஒட்டி வச்சுக்கோங்க.) ஆக 37 இந்தப் பக்கமும் இல்ல அந்தப் பக்கமும் இல்ல.

ரெண்டு, அதே நேரத்துல சுகர் மாத்திரை மாத்தினாங்க. மூணு மாச சராசரி 8.9லேர்ந்து 7.2க்கு இறங்குச்சு. சுகர் ஏறினா ஈறு கெடும், ஈறு கெட்டா சுகர் அடங்காது, ரெண்டும் கூட்டாளி. அது ரெண்டு பக்கத்துக்கும் சேத்து நல்லது பண்ணிருக்கும்.

மூணு, நான் வலது கை ஆளு, வலது பக்கம் எப்பவும் சரியா தேய்க்கமாட்டேன்னு டாக்டரம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அப்ப வலது பக்கம் இன்னும் மோசமா ஆறியிருக்கணும், ஆனா ஆறல, சாரி, ஆனா ஆறிடுச்சு. கொழம்புது.

நாலு, அந்தக் கம்பியால அளக்கறதே முன்னபின்ன 1 மி.மீ. தப்பும். கொஞ்சம் அழுத்தினா ஒரு நம்பர், சாய்ச்சு விட்டா ஒரு நம்பர்.

என் வாய வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாதுன்னு அர்த்தம். நிறைய வாய் வேணும்.

பல்லவன்77, 2 மார்ச் 2024, மாலை 5.45

நிறைய வாய் கிடைச்சுது. அரெஸ்டினுக்கு அனுமதி வாங்கின பெரிய ஆய்வு 2001ல வந்தது, 748 பேரு, 9 மாசம் பாத்திருக்காங்க. சுத்தம் மட்டும் பண்ணினவங்களுக்கு பை சராசரியா 1.08 மி.மீ. குறைஞ்சிருக்கு. சுத்தத்தோட பொடியும் வச்சவங்களுக்கு 1.32. வித்தியாசம் 0.24 மி.மீ. ஏ4 பேப்பர் ரெண்டு, ரெண்டரை தாள் கனம். புள்ளியியல்படி அது நிஜமான வித்தியாசம்தான், இல்லேன்னு சொல்லல. நம்ம வாயில அது தெரியுமாங்கறதுதான் கேள்வி.

அப்புறம் அமெரிக்க பல் மருத்துவ சங்கம் 2015ல எல்லா ஆய்வையும் சேத்து ஒரு வழிகாட்டி போட்டிருக்கு. வேர் சுத்தம் மட்டும் பண்ணினா சராசரி ஆதாயம் அரை மி.மீ. அதுக்கு மேல கூடுதலா மினோசைக்ளின் பொடி 0.24, சிப் 0.40, டாக்ஸிசைக்ளின் ஜெல் 0.64. ஜெல்லு ஜெயிச்சிடுச்சுன்னு துள்ளாதீங்க, பொடிக்கும் ஜெல்லுக்கும் ஆதாரம் பலவீனம்னு சொல்லி "நிபுணர் கருத்து" அளவுலதான் வச்சிருக்காங்க. சிப்புக்கே "பலவீனமான சிபாரிசு"தான்.

ஐரோப்பாக்காரங்க 2020 வழிகாட்டில "மெதுவா மருந்து விடற லோக்கல் ஆன்டிபயாட்டிக் பரிசீலிக்கலாம்"னு சொல்றாங்க. கலாம். நம்ம ஊர் கல்யாணத்துல "பாக்கலாம்"னு சொல்ற மாதிரி.

பல்லவன்77, 3 மார்ச் 2024, காலை 8.10

நேத்து நோட்ல ஒரு தப்பு, யாரும் புடிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். 1.08, 1.32 எல்லாம் பையோட ஆழம் குறைஞ்ச கணக்கு. 2015 வழிகாட்டில அரை மி.மீ., 0.24ங்கறது ஈறு பல்லோட திரும்ப எவ்வளவு ஒட்டிச்சுங்கற கணக்கு. ரெண்டும் வேற. ரெண்டுலயும் 0.24னு வந்தது தற்செயல், நான் ஒண்ணுன்னு நெனச்சு எழுதிட்டேன்.

ஏன் வேறன்னா, வீங்கின ஈறு வத்தி கீழ இறங்கினாலே பை ஆழம் குறைஞ்சுடும். லுங்கிய மடிச்சுக் கட்டின மாதிரி, ஆள் வளரல, துணிதான் ஏறுச்சு. எனக்கு 7லேர்ந்து 4 ஆச்சுன்னா 3 மி.மீ. எலும்பு மொளைச்சுதுன்னு அர்த்தம் இல்ல. இத நான் ஆபீஸ்ல "எலும்பு வளந்துருச்சு"ன்னு வேற சொல்லி வச்சிருக்கேன்.

பல்லவன்77, 17 மார்ச் 2024, இரவு 9.00

நேத்து ஆறு மாச செக்கப். டாக்டரம்மாகிட்ட என் கணக்கயெல்லாம் காட்டினேன், ஃபிளாஸ் விஷயமும் ஒத்துக்கிட்டேன். திட்டுவாங்கன்னு பாத்தா சிரிச்சாங்க. "அந்த நார முதல் நாளே வச்சது என் தப்பு சார், நீங்க ரொம்ப பயந்திருந்தீங்க, சேத்து வச்சுட்டேன். முதல்ல சுத்தம் மட்டும் பண்ணி, ஒண்ணு ரெண்டு மாசம் விட்டு திரும்ப அளந்து, எது ஆறலையோ, 5க்கு மேல நின்னு இன்னும் ரத்தம் வருதோ, அந்த ஒண்ணு ரெண்டு இடத்துக்கு வச்சாத்தான் அர்த்தம்"னாங்க. முதல்லயே எல்லாத்துக்கும் வச்சா எது எதனால ஆறுச்சுன்னே தெரியாதுல்ல, நான் மாட்டினது அதுலதான்.

நியூஜெர்சி அம்மணி, இத அப்படியே எடுத்துக்கிட்டுப் போயி கேளுங்க. 11 இடம்னு இன்னிக்கே எப்படி முடிவு பண்ணினாங்க? சுத்தம் பண்ணினா அதுல பாதிக்கு மேல தானா இறங்க வாய்ப்பு இருக்கு. பில்லுல டி4341னு இருந்தா அது டீப் கிளீனிங், ஒரு பக்கத்துல நாலு பல்லோ அதுக்கு மேலயோ. டி4381னா மருந்து, அது பல்லுக்கு ஒண்ணு. ரெண்டாவத தனியா தள்ளிப்போட முடியும்.

மாசமா இருந்தாலோ டெட்ராசைக்ளின் ஒத்துக்காதுன்னாலோ டாக்டர்கிட்ட முதல்ல சொல்லிடுங்க, மினோசைக்ளின், டாக்ஸிசைக்ளின் எல்லாம் அதே வம்சம்.

என் நம்பர்: எல்லாம் அப்படியே நிக்குது, 16 மட்டும் 6க்கு ஏறிடுச்சு, தொட்டா ரத்தம்.

பல்லவன்77, 18 மார்ச் 2024, காலை 7.20

"பாத்தீங்களா, நாரு வைக்காத பல்லுதான் திரும்பிக்கிச்சு"ன்னு மூணு பேரு எழுதிருக்கீங்க. எனக்கும் அதே புத்திதான் முதல்ல போச்சு. ஆனா எக்ஸ்ரே காட்டினாங்க. மேல் கடவாய்ப்பல்லுக்கு மூணு வேரு. அந்த வேருங்க பிரியற கவட்டைக்குள்ள நோய் போயிடுச்சு. அங்க சுரண்டற கருவி நுழையறதே கஷ்டம், நம்ம பிரஷ் சுத்தமா நுழையாது. நாரு வச்சிருந்தாலும் திரும்பியிருக்கும்னுதான் அவங்க சொல்றாங்க. 46, 47லயும் நாரு இல்லையே, அது ஏன் திரும்பல?

வேணும்னா இப்ப 16க்கு மட்டும் ஒரு தடவ திரும்ப சுரண்டி நாரு வச்சுப் பாப்போம்னாங்க. சரின்னுட்டேன். இந்த தடவ ஃபிளாஸ் டப்பாவ வீட்டுக்காரம்மாகிட்ட குடுத்துட்டேன், பத்து நாள் பூட்டு.

பல்லவன்77, 18 மார்ச் 2024, காலை 11.00

ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு ஒருத்தர் வந்தாச்சு, வராம இருந்தாத்தான் ஆச்சரியம். ஐயா, வேல்னா வேம்பு இல்ல, கருவேலம். எங்க அப்பத்தா கருவேலங்குச்சிலதான் தேய்ப்பாங்க, 60 வயசுல வாயில ஒரு பல்லு இல்ல, வெத்தல இடிக்கறதுக்கு உரல் வச்சிருந்தாங்க. குச்சி மேல தேய்க்கும், பல்லுக்கு இடையில போகாது. எனக்கு இந்த ஆறு மாசத்துல நெஜமா உதவினது என்னன்னு கேட்டா பல்லு சந்துல விடற சின்ன புட்டி பிரஷ்தான். காசு கம்மி, அதனால யாருக்கும் நம்பிக்கை வரமாட்டேங்குது.

பல்லவன்77, 21 ஜூன் 2024, இரவு 10.15

16: 5 மி.மீ. ரத்தம் இருக்கு, கம்மியா. ஆறுச்சா இல்லையான்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. 6லேர்ந்து 5ங்கறது அளக்கற தப்புக்குள்ளயே அடங்கிடும்னு முன்னாடி நானேதான் எழுதிருக்கேன், இப்ப அத மறந்துட்டு சந்தோஷப்பட முடியாது.

நியூஜெர்சி வாசகி, 30 ஆகஸ்ட் 2024, காலை 5.50

நீங்க எல்லாரும் சொன்னபடி டீப் கிளீனிங் மட்டும் பண்ணிக்கிட்டேன், பொடி அப்புறம்னு சொன்னதுக்கு முகத்த ஒரு மாதிரி வச்சுக்கிட்டாங்க. ஆறு வாரம் கழிச்சு அளந்தாங்க. 11ல 8 இடம் 4க்கு கீழ வந்துடுச்சு. மிச்சம் மூணு இடத்துக்கு பொடி வச்சுக்கிட்டேன். அம்மாகிட்ட பல்லு ஆடலன்னு சொன்னேன், "பத்து வருஷம் கழிச்சு பாரு"ங்கறாங்க.

பல்லவன்77, 4 செப்டம்பர் 2024, இரவு 8.40

மூணு பல்லுக்கு பில்லு வந்ததுன்னா மிச்சம் எட்டு பல்லு காசுல எனக்கு ஒரு காபியாவது வாங்கிக் குடுக்கணும் நீங்க.

என்கிட்டேர்ந்து: 16 திரும்ப 6. மூணாவது தடவ நாரு வைக்கலாமான்னு நானே கேட்டேன், வெக்கமில்லாம, ரெண்டாவது தடவைன்னு சொல்லணும், கணக்கு மறந்துட்டேன். டாக்டரம்மா வேணாம்னுட்டாங்க. கவட்டைய தொறந்து பாத்து சுத்தம் பண்ணணும், ஈறு ஆபரேஷன்தான், தையல் நாலு நாளோ ஒரு வாரமோ இருக்குமாம். சுகர் 7க்கு கீழ வந்தா தேதி குடுப்பாங்க. புரட்டாசி முடியட்டும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.